பசுமை வளாகம்: விடுதி மாணவர் பார்க்க வேண்டிய கணக்கு

கல்லூரி வாசலில் 'பசுமை வளாகம்' என்று பலகை நிற்கிறது. சுற்றறிக்கையும் வருகிறது: ஸ்டீல் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், மரக்கன்று நடுங்கள். அன்றைக்கு ராத்திரியே மெஸ்ஸில், தட்டு போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழிவு டிரம் விளிம்புவரை நிறைந்து நிற்கிறது. இரண்டையும் பார்க்கிற மாணவருக்கு ஒரு கேள்வி எழும். எதைச் செய்தால் உண்மையிலேயே ஏதாவது குறையும்?

தமிழ்நாட்டின் கல்லூரி விடுதிகளை மனதில் வைத்து, அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் தேடலாம். கணக்குக்காக ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம்: 400 மாணவர்கள், 200 அறைகள், ஒரு மெஸ். உங்கள் விடுதியின் எண்களைப் போட்டால் விடை மாறும். கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் சில சொற்கள்

நிலைத்த வாழ்வு: இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போதே, நாளை வருகிறவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடாமல் இருப்பது. 1987-ல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் தந்த விளக்கத்தின் சாரம் இது. விடுதிக்குப் பொருத்திச் சொன்னால், அடுத்த வருடம் சேரப்போகும் ஜூனியருக்கும் போர்வெல்லில் தண்ணீர் இருக்க வேண்டும்.

கார்பன் தடம்: ஒரு செயலால் காற்றில் சேரும், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவு. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதே காரணம்.

மறைநீர்: ஒரு பொருளை விளைவிக்கவோ தயாரிக்கவோ செலவான தண்ணீர். அது குழாயில் வராததால் நம் கண்ணில் படுவதில்லை.

வீட்டுக்கும் விடுதிக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் மோட்டாரை அணைக்க மறந்தால் அம்மாவின் குரல் வரும், இரண்டு மாதம் கழித்து மின்கட்டணமும் வரும். வீண் செய்தவர் யாரோ, அவர் காதில் அது விழுந்தே தீரும். விடுதியில் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. பெரும்பாலான வளாகங்களில் அறைக்கு அறை மின்மீட்டர் கிடையாது. தண்ணீர் மீட்டர் இருக்கும் விடுதிகள் அபூர்வம். அறை வாடகையோடு எல்லாம் சேர்ந்துவிடுவதால் எது எவ்வளவு செலவானது என்று யாருக்கும் தெரிவதில்லை.

மெஸ்ஸில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். பல கல்லூரிகளில் நடப்பது 'டிவைடிங் சிஸ்டம்'. மாதத்தின் மொத்த மெஸ் செலவை எல்லோருடைய சாப்பாட்டு நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆளுக்கு எத்தனை நாளோ அத்தனைக்குப் பில் போடுவார்கள். நியாயமான முறைதான். லாப நோக்கமில்லாததால் பில் குறைவாகவும் வரும். ஆனால் ஒருவர் 15 ரூபாய்ச் சாப்பாட்டைக் கொட்டினால், அது 400 பேர் தலையில் பகிரப்பட்டு, கொட்டியவருக்கு விழும் சுமை நான்கு காசுக்கும் குறைவு. ஒருவர் கவனமாக அளந்து சாப்பிட்டு மிச்சப்படுத்தினாலும் அவருக்குத் திரும்புவது அதே நான்கு காசு.

வளாகத்தில் நிலைத்த வாழ்வு என்ற பேச்சு இங்கிருந்து தொடங்க வேண்டும். தனி மாணவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு நகராது. வீண் ஆவதை எல்லோர் கண்ணிலும் படவைப்பதும், அதை வளர்க்கும் விடுதி விதிகளை மாற்றுவதும்தான் வேலை.

உணவு: மிகப் பெரிய எண் இங்கேதான்

ஒருவர் ஒரு வேளைக்கு 80 கிராம் மிச்சம் வைக்கிறார் என்று கொள்வோம். இரண்டு இட்லி எடை. மூன்று வேளை, 400 பேர்: நாளுக்கு 96 கிலோ. ஏறக்குறைய 100 கிலோ.

இந்த 100 கிலோவுக்குச் சட்டத்திலும் ஓர் இடமுண்டு. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களை 'பெருமளவு கழிவு உருவாக்குவோர்' என்று வகைப்படுத்தின. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ வாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. தட்டுக்கு இரண்டு இட்லி மிஞ்சினாலே ஒரு நடுத்தர விடுதி அந்த வகையின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

அந்த 100 கிலோவில் பாதி சோறு என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ சோற்றுக்குச் சுமார் 18 கிலோ அரிசி. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக, மழைநீரும் பாசனமும் சேர்த்து, ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. 18 கிலோவுக்கு 45,000 லிட்டர். விடுதியில் தங்குபவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. 400 பேருக்கு 54,000 லிட்டர். ஆக, டிரம்மில் கொட்டிய சோற்றின் மறைநீர், மொத்த விடுதியும் குளித்து, துவைத்து, கழுவிய தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். குளிக்கும் தண்ணீரை ஒரு குவளை குறைக்கச் சொல்லும் சுற்றறிக்கை இந்த எண்ணைச் சொல்வதே இல்லை.

டிரம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். சில ஊர்களில் பன்றி வளர்ப்பவர்கள் வந்து எடுத்துப்போகிறார்கள். அது ஒருவகையில் நல்ல மறுபயன்பாடு. குப்பைக்கிடங்குக்குப் போனால் கதை வேறு. காற்றுப் புகாத குவியலுக்குள் உணவு மக்கும்போது மீத்தேன் உருவாகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அது எளிதில் தீப்பற்றும் வாயுவும்கூட. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததும், கோவை வெள்ளலூர் கிடங்கு 2024 ஏப்ரலில் எரிந்ததும் நினைவிருக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் கிடங்கைச் சுற்றி வாழ்பவர்கள். விடுதியில் சாப்பிட்டவர்கள் இல்லை.

சரி, மிச்சம் ஏன் விழுகிறது? இரண்டு வகை மிச்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

1. அண்டாவில் மிஞ்சுவது. இது தலை எண்ணிக்கை தப்புவதால் வருகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரியாது. 400 பேருக்கு உலை வைக்கிறார், 250 பேர் வருகிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் ஏன் சொல்லிவிட்டுப் போவதில்லை? பல விடுதிகளில் 'ரிடக்‌ஷன்' எனப்படும் பில் தள்ளுபடி வேண்டுமென்றால் தொடர்ந்து இத்தனை நாள் இல்லாமல் இருக்க வேண்டும், முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. சனி, ஞாயிறு மட்டும் போகிறவருக்கு ஒரு பைசாவும் குறையாது. சொல்லி என்ன பயன் என்று விட்டுவிடுகிறார். கணக்கை எளிதாக்கப் போட்ட அந்த விதிதான் வாரந்தோறும் அண்டாவை மிஞ்ச வைக்கிறது.

2. தட்டில் மிஞ்சுவது. காலை 8.20 மணிக்கு மெஸ்ஸில் நின்று பார்த்தால் காரணம் புரியும். 8.30-க்கு முதல் வகுப்பு. வரிசை நீளம், மறுபடி வந்து வாங்க நேரமில்லை. அதனால் ஒரே முறையில் நான்கு இட்லி, இரண்டு கரண்டி பொங்கல், மேலே சாம்பார். இரண்டாவது இட்லியில் மணி அடிக்கிறது. மீதியைச் சாம்பாரோடு டிரம்மில் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். பொங்கலும் சட்னியும் கலந்து விழுந்தபின் அதை யாருக்கும் கொடுக்க முடியாது. சுவை பிடிக்காமல் கொட்டுவதும் உண்டு. ஆனால் அவசரத்தில் கொட்டுவதை 'பொறுப்பற்ற மாணவர்கள்' என்ற கணக்கில் எழுதுவது தவறு.

அண்டாவுக்கு மருந்து எளிது. ரிடக்‌ஷனையும் தலைக்கணக்கையும் பிரித்துவிட வேண்டும். பில் குறைகிறதோ இல்லையோ, வியாழக்கிழமை ராத்திரி மெஸ் வாசலில் ஒரு தாள், ஊருக்குப் போகிறவர்கள் அறை எண்ணுக்கு நேரே ஒரு டிக். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தாலும் போதும். மாஸ்டருக்குத் தேவை பெயர்கள் இல்லை, ஓர் எண். தட்டுக்கு மருந்து, பொங்கல் இருக்கும் நாட்களில் சின்னக் கரண்டியும், இரண்டாம் முறை வாங்குவதற்குத் தனி வரிசையும்.

'எங்கள் வளாகத்தில் பயோகேஸ் இருக்கிறது, மிச்சம் வீணாவதில்லை' என்ற பதிலையும் இங்கே சோதிக்கலாம். 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து 8 முதல் 10 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது சுமார் 4 கிலோ எல்பிஜிக்குச் சமம். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக ஐந்து நாள் கழிவு வேண்டும். பயோகேஸ் அவசியம்தான். காய்கறித் தோலும் கழனித்தண்ணியும் எப்படியும் வரும், அவற்றுக்கு அது சரியான இடம். ஆனால் தின்னக்கூடிய 100 கிலோவைச் சமைத்து, கொட்டி, 4 கிலோ எரிவாயுவாக்குவதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

இதெல்லாம் போதுமான சாப்பாடு கிடைக்கும் விடுதிகளுக்கான பேச்சு. மாதப் படியில் ஓடும் அரசு நலத்துறை விடுதிகளில் மாணவர்களின் கவலை, சாப்பாடு போதுமா, தரமாக இருக்கிறதா என்பது. அவர்களிடம் போய்ச் சிக்கனம் போதிப்பது அநியாயம். அங்கே முதலில் தட்டு நிறைய வேண்டும்.

தண்ணீர்: சொட்டு, வழிதல், மழை

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. அந்த மொத்த ரயிலும் நம் 400 பேர் விடுதிக்கு 46 நாள்தான் தாங்கும்.

'மழைநீர் சேமிப்பு இருக்கிறதே' என்பார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடி, சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் 80 சதவீதம் பிடிக்க முடிந்தால் 11 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். விடுதிக்கு 20 நாள் தண்ணீர். பெரிய உதவிதான், ஆனால் மீதி 345 நாளுக்கு நிலத்தடியும் லாரியும் குடிநீர் வாரியமும்தான் கதி. ஆகவே செலவு குறைவதுதான் முதல் வழி.

எங்கே போகிறது என்று பார்ப்போம். பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்வது சரிதான், ஆனால் பெரிய இழப்பு ஆள் இல்லாத நேரத்தில் நடக்கிறது.

மேல்நிலைத் தொட்டி வழிவது: நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற்றும் மோட்டார், அணைக்க மறந்து 10 நிமிடம் ஓடினால் 1,000 லிட்டர். ஏழு பேரின் ஒருநாள் தண்ணீர். தானாக நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் இல்லாத தொட்டி என்றால் இது தினமும் நடக்கலாம். போர்வெல் 500 அடி என்றால் அந்த 1,000 லிட்டரை மேலே இழுக்க ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரமும் சேர்ந்து போகிறது.

ஃப்ளஷ் தொட்டி கசிவு: இது கண்ணுக்கும் தெரியாது, சத்தமும் வராது. கண்டுபிடிக்க மெஸ்ஸில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் வாங்கிக்கொண்டால் போதும். ஃப்ளஷ் தொட்டியில் போட்டுக் கலக்கிவிட்டு, கால் மணி நேரம் யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் மஞ்சள் கோடு இறங்கினால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. மாற்றுவது பிளம்பருக்குச் சில நிமிட வேலை. ஒரு மாடியில் உள்ள எல்லா கழிப்பறைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்துவிடலாம். 'பாத்ரூமில் கசிவு' என்று புகார்ப் புத்தகத்தில் பொதுவாக எழுதுவதைவிட, 'இரண்டாம் மாடி, இடமிருந்து மூன்றாவது' என்று எழுதினால் பிளம்பர் வருவார்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயையும் பாருங்கள். சிறிய இயந்திரங்களில் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போவது சகஜம். அதில் உப்பு கூடுதல், செடிக்குத் தொடர்ந்து ஊற்றக்கூடாது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாக ஆகும். ஒரு குழாயும் ஒரு டிரம்மும்தான் செலவு.

மின்சாரம்: சார்ஜரை விடுங்கள், ஃபேனைப் பாருங்கள்

ஒரு செல்போனை முழுதாக சார்ஜ் செய்ய ஏறக்குறைய 0.02 யூனிட். ஐம்பது முறை சார்ஜ் செய்தால் ஒரு யூனிட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். வகுப்புக்குப் போகும்போது அணைக்காமல் விட்ட ஃபேன் எட்டு மணி நேரத்தில் 0.6 யூனிட் தின்னும். அதாவது 30 முறை போன் சார்ஜ் செய்த மின்சாரம், காலி அறையில் கட்டிலுக்குக் காற்று வாங்கியிருக்கிறது.

பி.எல்.டி.சி. ஃபேன் என்பது காந்தச் சுழலியும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட மோட்டாரில் ஓடுவது. அதே காற்றுக்கு 30 வாட் அளவில் போதும். 200 ஃபேன், நாளுக்கு 15 மணி நேரம்: பழையதில் 225 யூனிட், புதியதில் 90. மிச்சம் 135 யூனிட், கூடவே நாளுக்குச் சுமார் 95 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருடத்தில் 300 நாள், யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் ஒரு ஃபேன் 1,400 ரூபாய் மிச்சப்படுத்தும். விலை 2,500 முதல் 3,000 ரூபாய். இரண்டு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இதை எந்த மாணவரும் தனியாகச் செய்ய முடியாது. நிர்வாகத்திடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்க முடியும்.

பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாது. மிச்சம் பெட்டிக்குள் சூடாகப் போய்விடும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

பொருட்கள்: கப், பை, டிராஃப்டர்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. கேன்டீனில் 'பேப்பர் கப் தானே' என்று தருவது பெரும்பாலும் அதுதான். டீ கசியாமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வேண்டும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சூடான பானம் 15 நிமிடம் இருந்த கப்பில், 100 மில்லியில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்ததைக் கண்டார்கள். கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்குங்கள். நாலு பேர் கேட்டால் கேன்டீன்காரர் எடுத்து வைப்பார்.

சிம்போசியத்துக்குச் சிம்போசியம் சணல் பை, ஸ்டீல் பாட்டில், நோட்பேட் கொடுப்பது பசுமை ஆகாது. ஒரு பையின் பலன், அது எத்தனை முறை தோளில் ஏறுகிறது என்பதில் இருக்கிறது. ஆறாவது பை அலமாரிக்குள்தான் போகும்.

வளாகத்துக்குள்ளேயே பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. பொறியியல் முதலாண்டில் வரைபடப் பாடத்துக்கு மட்டும் வாங்கும், கோடு போட உதவும் கருவியான மினி டிராஃப்டர், அந்தத் தேர்வு முடிந்ததும் பரண் ஏறுகிறது. லேப் கோட், பக்கெட், மக், பாய், கால்குலேட்டர் எல்லாம் மே மாதம் அறையைக் காலி செய்யும்போது நடைபாதையில் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் சேரும் ஜூனியர்கள் அதே பொருட்களைக் கல்லூரி வாசல் கடையில் புதிதாக வாங்குகிறார்கள். இடையில் தேவை இரண்டு மாதம் பூட்டிவைக்க ஓர் அறையும், அதன் சாவியை வைத்துக்கொள்ள ஒருவரும். சீனியர் கொடுத்த டிராஃப்டரில் முதலாண்டைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகக் கடன் வாங்கிப் படிக்க வந்தவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

மாணவர் கையில் உள்ள மூன்று கருவிகள்

1. மெஸ் கமிட்டி. டிவைடிங் சிஸ்டம் உள்ள இடங்களில் மாணவப் பிரதிநிதிகள் இருப்பார்கள். கரண்டி அளவு, தலைக்கணக்குத் தாள், ரிடக்‌ஷன் விதி எல்லாம் அங்கே பேச வேண்டியவை.

2. பசுமைத் தணிக்கை அறிக்கை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' அமைப்பு ஆற்றல், தண்ணீர், கழிவு பற்றிக் கேட்கிறது. அதற்காகக் கல்லூரிகள் தணிக்கை செய்து, சுய ஆய்வறிக்கையைத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. உங்கள் கல்லூரியின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். எத்தனை மரம், எத்தனை சோலார் தகடு என்று இருந்தால் அது சொத்துப் பட்டியல். ஆளுக்கு எத்தனை லிட்டர், எத்தனை யூனிட், எத்தனை கிலோ என்று இருந்தால்தான் தணிக்கை.

3. சுற்றுச்சூழல் கல்வித் தாள். 1991-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவை ஒட்டி இளநிலைப் படிப்புகள் எல்லாவற்றிலும் இது கட்டாயமானது. களப்பணிக்கும் அதில் இடமுண்டு. ஏரிக்குப் போய்ப் படம் எடுத்து ஒட்டுவதற்குப் பதில், மெஸ் டிரம்மை ஒரு வாரம் எடைபோட்டால் அதுவே களப்பணி.

எடைபோடுவதற்குக் காய்கறி வந்து இறங்கும்போது மெஸ்ஸில் பயன்படுத்தும் தராசே போதும். காலி டிரம்மின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தட்டில் விழுந்ததையும் அண்டாவில் மிஞ்சியதையும் தனித்தனி டிரம்மில் போடச் சொல்லுங்கள். தேர்வு வாரமும் பண்டிகை வாரமும் வேண்டாம். ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு வரி. பக்கத்தில் அன்றைய சமையலும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதும் இருக்கட்டும். அந்தத் தாளை முதலில் மெஸ் வாசலில் ஒட்டுங்கள், அடுத்த நகலை வார்டனிடம் கொடுங்கள். தலைக்கணக்குத் தாள் தொடங்கிய பிறகு மறுபடி ஒரு வாரம் எடைபோட வேண்டியிருக்கும். காலி டிரம்மின் எடையை எழுதிய சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.